கோலாலம்பூர், பினாங்கு வந்திருக்கிறீர்களா? ஸ்பீச் தெரபி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டுக்காரருக்கு சைபர்ஜெயாவிலோ பாயான் லெப்பாசிலோ வேலை கிடைத்துக் கூடவே வந்தவர்கள், சென்னையிலோ மைசூரிலோ பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டல், பேச்சு-மொழி நோயியல் இளங்கலைப் பட்டம்) முடித்துவிட்டு இங்கே மாஸ்டர்ஸ் செய்யலாமா என்று பார்ப்பவர்கள், உளவியலோ மொழியியலோ படித்துவிட்டு இந்தத் துறைக்கு மாற நினைப்பவர்கள் என்று யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்பதைத்தான். அதை அப்புறம் பார்க்கலாம். படித்து முடித்து எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள், அந்த நாட்டில் உங்கள் பெயரை யார் பதிவு செய்வார்கள், அவர்கள் எந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்தத் தொழிலில் பதிவு இல்லாத பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும், தரவரிசையில் அந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் சரி.

மலேசியாவில் இந்த வேலைக்குத் தேவையான அடிப்படைத் தகுதி இளங்கலைப் பட்டம். நம்மவர்கள் பலருக்கு இது இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் இல்லாமல் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியாது, இங்கே நான்கு ஆண்டு டிகிரி முடித்தவரே மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கிறார். இங்கே மாஸ்டர்ஸ் என்று இருப்பது பெரும்பாலும் ஆய்வுப் படிப்பு. ஒரு மேற்பார்வையாளரின் கீழ் ஒரு தலைப்பை எடுத்து ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும், கிளினிக்கில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்ளும் படிப்பு அது இல்லை. அதனால் உங்களிடம் பி.ஏ.எஸ்.எல்.பி. இருந்தால், அல்லது களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் அறிவியல் படித்து வந்திருந்தால், ஆய்வு மாஸ்டர்ஸ் உங்களுக்கு அர்த்தமுள்ளது. வெறும் உளவியல் டிகிரியோடு வந்து அதில் சேர்ந்தால் முடிக்கும்போது ஆய்வாளர் ஆவீர்கள், தெரபிஸ்ட் ஆக மாட்டீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று இங்கேயே மறுபடியும் நான்கு ஆண்டு டிகிரி. இன்னொன்று, வேறு துறைப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாண்டு மாஸ்டர்ஸ் உள்ள நாட்டுக்கு விண்ணப்பிப்பது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774-ஆம் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் பட்டியலில் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் உண்டு. அந்தச் சட்டத்தின்படி அமைந்த மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவும் காலாவதியாகாத தொழில் சான்றிதழும் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது குற்றம். உங்கள் ஊர்ப் பட்டம் ஏற்கப்படுமா என்று விண்ணப்பிப்பதற்கு முன்பே மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னார்கள், ஏஜெண்ட் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்பதெல்லாம் பின்னால் உதவாது. இங்குள்ள படிப்பு எதுவானாலும், மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஊர்க் குழப்பம். இதில் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். யூகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) என்றதும் எல்லோரும் பாங்கியில் வீடு தேடுகிறார்கள். ஆனால் நாட்டிலேயே முதலாவதாக 1995-இல் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிய அதன் சுகாதார அறிவியல் புலம் இருப்பது கோலாலம்பூர் வளாகத்தில், ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிசில், கம்போங் பாருவுக்குப் பக்கம். போதனா மருத்துவமனையோ செராசில். யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றால் பினாங்கு என்று நினைத்து கெலுகோரில் அறை பிடித்துவிடாதீர்கள். பினாங்கில் இருப்பது தலைமை வளாகம். மருத்துவமும் சுகாதார அறிவியலும், அதில் அடங்கும் பேச்சு நோயியலும், கிளந்தானில் குபாங் கெரியானில் இருக்கின்றன. பினாங்கிலிருந்து பஸ் பிடித்து கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்கிப் போக வேண்டும், தினம் போய் வருகிற தூரம் இல்லை. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் கோம்பாக்கில், ஆனால் ஆடியாலஜியும் (கேட்டல் இயல்) ஸ்பீச்சும் உள்ள துறை குவாந்தானில். ஆக, பினாங்கில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்தே போய்ப் படிக்கும் வசதி இந்த மூன்றில் எதிலும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் பேசிவிட்டு அப்புறம் படிவம் நிரப்புங்கள். இங்கே வாடகைக்கு வீடு எடுத்தால் வழக்கமாக இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள், மின்சாரம் தண்ணீருக்கென்று தனியாகவும் கொஞ்சம் கட்ட வேண்டும். தப்பான ஊரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது திரும்பி வருவது கஷ்டம்.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் இங்கிருந்து பக்கம் சிங்கப்பூர். அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு மாஸ்டர்ஸ் இருக்கிறது, அங்கேயும் பதிவு மன்றம் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்பர்ன், குயின்ஸ்லாந்து போன்ற பல்கலைக்கழகங்களில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு மாஸ்டர்ஸ் உள்ளது. அங்கே அரசுப் பதிவு கிடையாது, ஸ்பீச் பேத்தாலஜி ஆஸ்திரேலியா என்ற தொழில் அமைப்பின் அங்கீகாரம்தான் எல்லாம், ஆகவே படிப்புக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவு. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் மற்ற பல சுகாதாரத் தொழில்களுக்குக் கேட்பதைவிட ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் அதிகம் கேட்பார்கள்: மொத்தம் 8, எந்தப் பகுதியிலும் 7.5-க்குக் குறையக்கூடாது. அலுவலகத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுபவர்கள்கூட எழுத்துப் பகுதியில் 7-ஐத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்கா நீண்ட பாதை. மாஸ்டர்ஸ், 400 மணி நேர கிளினிக் பயிற்சி (அதில் 25 மணி நேரம் வெறுமனே உட்கார்ந்து கவனிப்பது), பிராக்சிஸ் என்ற தொழில் தேர்வு, அதற்குப் பிறகு 36 வாரம் மேற்பார்வையில் முழுநேர வேலை, இவ்வளவும் முடிந்தால்தான் ஆஷா என்ற அமெரிக்கத் தொழில் அமைப்பின் சான்றிதழ். மாநில உரிமம் அது தனி. வேறு துறையிலிருந்து போனால் உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் பாடம் எடுத்திருக்க வேண்டும், இதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து ஒரு வருடம் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. பல இடங்களில் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் விண்ணப்பம் மூடிவிடும். தீபாவளிப் பலகாரத்துக்கு நடுவில் கட்டுரை எழுதத் தயாராக இருங்கள்.

இன்னொரு விஷயம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் தொழில் அமைப்புகள் ஒருவர் சான்றிதழை மற்றவர் மதிப்பதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் இந்தியாவும் இல்லை, மலேசியாவும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. ஊர் ஊராகப் போகும் வேலையில் வீட்டுக்காரர் இருந்தால் இதை யோசித்துத்தான் தீர வேண்டும். திரும்ப இந்தியா போவதுதான் திட்டம் என்றால் அங்குள்ள பதிவு அமைப்பான ரிஹாபிலிடேஷன் கவுன்சில் அங்கீகரித்த இரண்டாண்டு எம்.எஸ்சி. படிப்பை அங்கேயே செய்வது நல்லது. மைசூரில் 1965-இல் தொடங்கிய ஆயிஷ் என்ற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம், சென்னையில் போரூர் ராமச்சந்திரா என்று நல்ல இடங்கள் இருக்கும்போது இங்கே ஆய்வு மாஸ்டர்ஸ் செய்துவிட்டு அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

நாடு முடிவானதும் படிப்பை எடை போட ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: கிளினிக் பயிற்சி எங்கே, யாரோடு, எத்தனை வகை நோயாளிகளோடு? குழந்தைகளுக்குப் பேச்சு வரவைக்கும் வேலை என்று நினைத்துத்தான் நம்மில் பலர் இதற்குள் வருகிறோம். மருத்துவமனைக்குப் போனால் பாதி நாள் விழுங்கும் பிரச்சினையிலேயே போய்விடும். பக்கவாதம் வந்த தாத்தாவுக்குத் தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும், குடிக்கிற எதிலும் கெட்டியாக்கும் பொடி கலக்கச் சொல்ல வேண்டும், நாற்பது வருடம் தே தாரிக் குடித்தவர் அந்தக் கொழகொழத்த டம்ளரைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கிற பார்வையைத் தாங்க வேண்டும். வீடியோ எக்ஸ்ரே மூலம் விழுங்குதலைப் பார்க்கும் பரிசோதனையில் மாணவர்களை நிற்க விடுகிறார்களா, அல்லது சிலைடில் காட்டி முடித்துவிடுகிறார்களா என்று இப்போது படிக்கும் சீனியர்களிடம் கேளுங்கள். துறைத் தலைவரிடம் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்.

மொழி. இங்கே உங்கள் தமிழுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. செந்தூலில் ஒரு நான்கு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி பேசுவது தமிழ், பணிப்பெண் பேசுவது இந்தோனேசிய மொழி, பாலர் பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் மலாய். அது "சூசு வேணும்" என்று பால் கேட்கும். மலாய் தெரியாதவர் முதல் சொல்லைப் பிழை என்று குறிப்பார், தமிழ் தெரியாதவர் இரண்டாவது சொல்லை விட்டுவிடுவார், ஆனால் குழந்தை இரண்டு சொல்லைச் சேர்த்து வாக்கியம் அமைத்துவிட்டது, அதுதான் நமக்கு வேண்டிய தகவல். அதே மாதிரி பழத்தை "பளம்" என்று சொன்னால் அது கோளாறா? வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றால் குழந்தை சரியாகத்தான் கற்றிருக்கிறது. புத்தகத் தமிழில் படம் காட்டிக் கேட்கும் தேர்வில் இதெல்லாம் தவறாகப் போகும். மலேசியத் தமிழ்க் குழந்தைகளுக்கென்றே இந்தப் பக்கத்தில் செய்ய வேண்டிய ஆய்வு இன்னும் நிறைய இருக்கிறது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாடு இது. யூகேஎம்மில் மலாய்க் குழந்தைகளுக்கு மதிப்பீட்டுக் கருவி உருவாக்கியிருக்கிறார்கள், தமிழுக்கு அப்படி ஒன்றைச் செய்ய விரும்புகிறேன் என்று ஒரு தெளிவான முன்மொழிவோடு மேற்பார்வையாளருக்கு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். ஆய்வு மாஸ்டர்ஸுக்கு முதலில் மேற்பார்வையாளர், பிறகுதான் விண்ணப்பம். பொத்தாம்பொதுவாக "எனக்கு ஆட்டிசத்தில் ஆர்வம்" என்று பத்துப் பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாதீர்கள், ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள் அவர்கள்.

மலாய் மட்டும் கற்காமல் தப்பிக்க முடியாது. அரசு மருத்துவமனையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் பேசுவது அதுதான். பினாங்கில் ஹொக்கியன் கொஞ்சம் காதில் விழுந்தால் இன்னும் நல்லது, சீனத் தாத்தா பாட்டிகள் அதில்தான் பேசுவார்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, ஊரிலிருந்து கிளம்பாதவர்கள் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள். எத்தனை மணி நேரம் கிளினிக்கில் இருந்தீர்கள், அதில் குழந்தைகள் எவ்வளவு, பெரியவர்கள் எவ்வளவு, திக்குவாய், அண்ணப் பிளவு, பக்கவாதம், விழுங்குதல், கேட்டல் எவ்வளவு என்று பிரித்து எழுதித் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் இதைக் கேட்பார்கள், அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் மாறிப்போன பிறகு இதை வாங்குவது பெரும்பாடு. மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் முத்திரையோடு வாங்குங்கள். பரிந்துரைக் கடிதம் உங்களை கிளினிக்கில் நேரில் பார்த்தவர் எழுதியதாக இருக்கட்டும். பெரிய பதவியில் இருக்கும் மாமா எழுதியது வேண்டாம்.

நோக்கக் கட்டுரையில் "சிறு வயது முதலே மனிதர்களுக்கு உதவ ஆசை" என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் பார்த்த ஒரு நோயாளி, அவரிடம் என்ன கவனித்தீர்கள், என்ன புரியவில்லை, அந்தப் புரியாததைத் தேடித்தான் வருகிறேன் என்று எழுதுங்கள். பார்க்க வாய்ப்பு இல்லை என்றால் உருவாக்கிக்கொள்ளலாம். பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கான நாசாம், ஆட்டிசக் குழந்தைகளுக்கான நாசோம் (இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் நிற்பவர்கள் உண்டு) போன்ற இடங்களில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். மேஷ் எனப்படும் மலேசியப் பேச்சு, கேட்டல் சங்கத்தின் நிகழ்ச்சிகளுக்குப் போனால் துறைக்காரர்களைச் சந்திக்கலாம். சில தனியார் மையங்கள் டிகிரி இல்லாதவர்களையும் தெரபிஸ்ட் என்று அட்டை அடித்து உட்கார வைக்கும், உதவியாளராக என்றால் போங்கள், அந்தப் பெயரில் என்றால் வேண்டாம்.

விசாவில் கவனம். டிபெண்டண்ட் பாஸில், அதாவது வீட்டுக்காரரின் வேலையை வைத்துக் கிடைத்த விசாவில், இருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டே முழுநேரம் படிக்கலாம் என்று தாங்களாக முடிவு செய்யக்கூடாது. விண்ணப்பத்தின்போதே பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் பிரிவிடம் இப்போதைய பாஸ் என்ன என்று சொல்லி, குடிநுழைவுத் துறைக்கு என்ன அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மாணவர் பாஸ், வெளிநாட்டு மாணவர் விசா விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஈ.எம்.ஜி.எஸ். நிறுவனம் வழியாகத்தான், அனுமதிக் கடிதம் வராமல் டிக்கெட் போடாதீர்கள், வந்ததும் மருத்துவப் பரிசோதனை இருக்கும். மாணவர் பாஸில் பகுதிநேர வேலைக்கு விடுமுறைக் காலத்தில் குறிப்பிட்ட சில துறைகளில் மட்டும்தான் அனுமதி, தெரபி மையத்தில் வேலை செய்து கட்டணம் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வராதீர்கள். முதல் ஆண்டுக் கட்டணமும் வீட்டுச் செலவும் கையில் இருந்தால் மட்டும் சேருங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் காத்திருந்து, மலாய் கற்று, ஐயெல்ட்ஸ் எழுதி முடித்துவிட்டு அடுத்த சேர்க்கைக்கு வாருங்கள்.