பச்சிளங்குழந்தைக்குக் கடும் மஞ்சள் காமாலை: மூளைப் பாதிப்பை முன்கூட்டிக் கணிப்பது எப்படி?

ரிப்போர்ட்டில் பிலிருபின் (சிவப்பணு சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி) 20 என்று வந்தால் எல்லார் கண்ணும் அந்த எண்ணிலேயே நிற்கும். ஆனால் மூளைக்குள் புகுவது மொத்தப் பிலிருபின் அல்ல; ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்துத் திரியும் மிகச் சிறு பங்கு. அதை அளக்கும் வசதி பெரும்பாலான லேப்களில் இல்லை, சுற்றிவளைத்துத்தான் கணிக்க வேண்டும்.

முதலில் ரத்தம். ஒளி சிகிச்சை (குழந்தைமேல் வெளிச்சம் பாய்ச்சிப் பிலிருபினைக் குறைப்பது) தொடங்கிய பிறகு, தோல்மேல் வைத்து அளக்கும் மீட்டரை நம்பாதீர்கள். வெளிச்சம் பட்ட தோல் வெளுத்திருக்கும், உள்ளே அளவு அப்படியே இருக்கும். ரத்த மாதிரி எடுத்த குழாயையும் வெளிச்சம் படாமல் மூடி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். மொத்தத்திலிருந்து நேரடிப் பிலிருபினை (கல்லீரல் பதப்படுத்திய பங்கு) கழித்துவிட்டுச் சிகிச்சை எல்லைகளின் அட்டவணையைப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கழிக்கக் கூடாது.

அதே ரத்தத்தில் ஆல்புமினும் கேளுங்கள். பிலிருபினை (மி.கி./டெ.லி.) ஆல்புமினால் (கி./டெ.லி.) வகுங்கள். 39 வாரக் கர்ப்பத்தில் பிறந்த குழந்தை, வேறு ஆபத்துக் காரணி இல்லை, ஆல்புமின் 3.6 என்றால் 20 ÷ 3.6 = 5.6. ரத்த மாற்றத்தை (குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து வேறு ரத்தம் ஏற்றுவது) யோசிக்க வேண்டிய எல்லை 8.0, இன்னும் தூரம் இருக்கிறது. 36 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அதே 20, ஆல்புமின் 2.8 என்றால் விகிதம் 7.1. ஆல்புமின் 3.0-க்குக் கீழே இருப்பதே ஓர் ஆபத்துக் காரணி என்பதால் இந்தக் குழந்தைக்கு எல்லை 6.8. தாண்டிவிட்டது! எண் ஒன்றுதான், குழந்தைகள் வேறு. 35 முதல் 37 வாரத்தில் ஆபத்துக் காரணி இல்லாவிட்டாலும், 38 வாரமோ அதற்கு மேலோ ஆகி ஆபத்துக் காரணி இருந்தாலும் எல்லை 7.2.

மற்ற ஆபத்துக் காரணிகள்: ரத்த வகை ஒவ்வாமையால் சிவப்பணு சிதைதல், ஜி-6-பி-டி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவது), செப்சிஸ் (ரத்தத்தில் பரவிய கடும் தொற்று), கடந்த 24 மணி நேரத்தில் குழந்தையின் நிலை மோசமாயிருத்தல். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் போன்ற மருந்துகள் ஆல்புமினிலிருந்து பிலிருபினைத் தள்ளிவிடும், தவிருங்கள்.

ஏறும் வேகத்தையும் கணக்கிடுங்கள். பிறந்த 40-ஆவது மணியில் 14, 48-ஆவது மணியில் 16.4 என்றால் மணிக்கு 0.3. முதல் நாளுக்குப் பின் 0.2 தாண்டினாலே சிவப்பணு சிதைவைச் சந்தேகிக்க வேண்டும். ரத்த மாற்ற எல்லைக்கு 2 மி.கி. கீழே வந்துவிட்டால் குறைந்தது இரண்டு மணிக்கு ஒருமுறை பரிசோதனை.

இனி குழந்தையைத் தொட்டுப் பாருங்கள். விழிப்பு, தசை இறுக்கம், அழுகை மூன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். விழிப்பில், தூங்கி வழிந்து பால் குடிப்பது குறைந்தால் 1. எழுப்பினாலும் சோர்ந்து சப்ப முடியாவிட்டால் 2. வலிப்பு, மூச்சு நிற்றல், அறவே குடிக்காமை 3. தசையில் முதலில் தொய்வு, பிறகு விறைப்பு, கடைசியில் கழுத்தும் முதுகும் வில்லாய்ப் பின்னே வளைதல். அழுகை கீச்சென்று ஏறும், முற்றினால் அடங்கிவிடும். கத்திய குழந்தை ஓய்ந்ததும் ‘பரவாயில்லை, தூங்கிவிட்டது’ என்று விடுவது இங்கேதான் ஆபத்தாகிறது. கூட்டுத்தொகை 4 முதல் 6 என்றால் பாதிப்பு நடந்துகொண்டிருக்கிறது, உடனே தடுத்தால் திரும்பலாம். 7 அல்லது அதற்கு மேல் என்றால் நிரந்தரச் சேதத்தின் வாய்ப்பு மிக அதிகம். வளைதல், கீச்சுக்குரல், வலிப்பு போன்றவை தெரிந்தால் எந்த எண்ணுக்கும் காத்திராமல் ரத்த மாற்றம். குறைமாதக் குழந்தையிடம் இவை ஒன்றும் வெளியே தெரியாமலே சேதம் ஆகலாம்.

செவி நரம்புப் பாதைதான் சீக்கிரம் பாதிக்கப்படும். மூளைத்தண்டு செவிச் சோதனையில் (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின் அலைகளைப் பதிவது) மூன்றாம், ஐந்தாம் அலைகள் தள்ளிப்போவதோ மறைவதோ முன்னெச்சரிக்கை. காதின் எதிரொலிச் சோதனை (ஒலிக்கு உள்காது திருப்பி எழுப்பும் ஒலியை அளப்பது) மட்டும் செய்து ‘பாஸ்’ போடாதீர்கள்: உள்காது நன்றாகவே இருக்கும், பழுது நரம்பில்.