தோழி சொன்ன சமையல் குறிப்பு நம் கையில் ஏன் மாறிப்போகிறது?

தோழி வீட்டில் சாப்பிட்ட எலுமிச்சை கேக்கை என் வீட்டில் மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் நடுவில் அமுங்கி, உள்ளே பிசுபிசுவென்று இருந்தது. அவள் போனில் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருந்தேன். மாவு இரண்டு கப், சர்க்கரை ஒரு கப், முட்டை மூன்று, எலுமிச்சை இரண்டு. நாலாவது முறை அவள் அடுப்படியிலேயே போய் நின்று, அவள் செய்வதைப் பார்த்தேன். மாவு அளக்க அவள் எடுத்தது கைப்பிடி உடைந்த ஒரு காபிக் குவளை. அதில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 310 மில்லி வந்தது. என் வீட்டு அளவுக் கப் 240 மில்லி.

விஷயம் அவ்வளவுதான். முட்டையும் எலுமிச்சையும் எண்ணிக்கையில் சரியாக விழுந்தன. மாவும் சர்க்கரையும் மட்டும் என் கையில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துபோயின. அவள் எதையும் மறைக்கவில்லை. பல வருடங்களாக அவளுக்குக் கப் என்றால் அந்தக் குவளைதான், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே தோன்றாது.

தோழிகளுக்குள் கைமாறும் குறிப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இப்படிப்பட்ட விஷயம்தான். செய்கிறவருக்குத் தான் செய்வதே தெரியாத ஒன்று. ஆகவே தவறு சமைக்கும்போது நடப்பதைவிட, கேட்கும்போதும் எழுதும்போதும் படிக்கும்போதும் நடப்பதே அதிகம்.

கேட்கும்போது

நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்னென்ன போட்டாய், எவ்வளவு போட்டாய்?" இதற்குக் கிடைக்கும் பதிலில் பாதிச் சமையல்கூட இருக்காது. எந்தப் பாத்திரத்தில் செய்தாய், அது அகலமா ஆழமா, எத்தனை பேருக்கு, தீ எப்படி எரிந்தது, மூடி போட்டாயா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எதைப் பார்த்து அடுப்பை அணைத்தாய் என்று கேளுங்கள். தமிழில் இதற்குப் பதம் என்று அழகான சொல் இருக்கிறது. பதத்தைக் கேட்காமல் நிமிடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு.

வெங்காயம் வதக்குவதையே எடுத்துக்கொள்வோம். நிறையப் புத்தகங்களில் "பொன்னிறமாகும்வரை 5 நிமிடம்" என்று இருக்கும். 5 முதல் 8 நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவே. அதிலுள்ள தண்ணீர் வற்றி, உண்மையிலேயே பழுப்பேறி இனிக்க வேண்டுமென்றால் மிதமான தீயில் 40 நிமிடம்கூட ஆகும். புத்தகத்தை நம்பித் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். "வாசனை வரும்வரை" என்பதும் இதே மாதிரிதான். எந்த வாசனை? பச்சை வாசனை போவதா, இனிப்பான வாசனை எழுவதா? இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது. தோழியிடம் கேட்டால் அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சட்டியில் சலசலப்புக் குறைஞ்சு எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கும் பார்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கேட்கிறோம்.

விருந்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குறிப்புக் கேட்பது வேண்டாம். பரிமாறும் அவசரத்தில் அவளும் பாதியைத்தான் சொல்வாள், நாமும் பாதியைத்தான் நினைவில் வைப்போம். முடிந்தால் அவள் சமைக்கும் ஒரு நாள் போய் உடன் நில்லுங்கள். கண் அளவில் போடுகிறவர்களிடம் அளவு கேட்டுத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டுபோய், உப்பு டப்பாவைச் சமையலுக்கு முன்னால் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் எடை போடுங்கள். குறைந்தது எத்தனை கிராமோ அதுதான் அவள் கை அளவு. அவள் பேச்சும் கெடாது, கையும் நிற்காது. வயதானவர்களிடம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அளவைப் படிக்கும்போது

புத்தகத்திலும் கப் ஒரே கப் இல்லை. அமெரிக்கப் புத்தகங்களில் அது சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியப் புத்தகங்களில் 250, ஜப்பானியப் புத்தகங்களில் 200. அரிசி குக்கருடன் வரும் கப் 180 மில்லிதான். மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. பழைய பிரிட்டிஷ் புத்தகத்தின் பைண்ட் 568 மில்லி, அமெரிக்கப் பைண்ட் 473. ஆகவே புத்தகம் எங்கே அச்சானது என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கப்பைக்கூடச் சமாளித்துவிடலாம், ஏமாற்றுவது மாவு. ஒரே கப்பில், கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் 120 கிராம் அளவுக்கு நிற்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்வரை போகும். உப்பு இன்னும் மோசம். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம், பெரிய செதில் செதிலான உப்பு அதே கரண்டியில் ஏறக்குறைய பாதிதான். "உப்பு ஒரு தேக்கரண்டி" என்று எழுதியவர் எந்த உப்பை வைத்திருந்தார் என்பது தெரியாமல் அதை அப்படியே போடாதீர்கள். பாதியைப் போட்டு ருசி பார்த்து மேலே போங்கள்.

பழைய புத்தகங்களில் அளவே இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தேவையான பொருள்களையும் அளவையும் ஆகும் நேரத்தையும் செய்முறையிலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் எலிசா ஆக்டன் 1845-இல் வந்த தன் புத்தகத்தில் கொண்டுவந்தார். தலை தட்டி அளக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சமையல் ஆசிரியை ஃபேன்னி ஃபார்மர் தன் புத்தகத்தில் வற்புறுத்தியது 1896-இல். அதற்கு முந்தைய குறிப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்கு எழுதிய ஞாபகக் குறிப்புகள். அம்மாவின் நோட்டுப் புத்தகமும் அப்படித்தான். தனக்கு மறந்துபோகக்கூடியதை மட்டுமே அம்மா எழுதினார், மறக்காததை எழுதவில்லை. அந்த நோட்டைப் படித்துவிட்டு அரைகுறை என்று தள்ளிவைப்பது பெரிய இழப்பு.

கேக் சுடும் ஓவனின் சூட்டையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் கேஸ் ஓவன்களின் சூட்டு எண்ணான கேஸ் மார்க் 4 என்றால் 180 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 350. உள்ளே விசிறி சுழலும் ஓவன் என்றால் சுமார் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டும்போது, குறைக்கும்போது

நான்கு பேர் குறிப்பை எட்டுப் பேருக்கு இரட்டிப்பது வெறும் பெருக்கல் கணக்கு இல்லை. அதே சட்டியில் இரண்டு மடங்கு குழம்பை வைத்தால் ஆவி போகும் பரப்பு அதேதான், அதனால் வற்ற அதிக நேரம் பிடிக்கும். காய்களை நெருக்கி வதக்கினால் அவை விடும் தண்ணீரிலேயே வெந்துவிடும், சிவக்காது. இரண்டு தவணையாக வதக்குவது நேரத்தை மிச்சமே பிடிக்கும். கேக் தட்டில் இன்னொரு குழப்பம்: 20 செ.மீ. வட்டத் தட்டுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு பரப்புள்ளது 28 செ.மீ. தட்டு. 40 செ.மீ. என்று நினைத்தால் அது நான்கு மடங்கு.

முதல் முறை செய்யும்போதே சர்க்கரையைக் குறைத்து, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் விட்டு, முட்டையை எடுத்துவிட்டு, "புத்தகம் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். ஒருமுறை எழுதியபடியே செய்யுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது எதைக் கெடுத்தது என்று தெரியும்.

பாசம் இருந்தாலும் நம்பக்கூடாத பக்கங்கள்

இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய புத்தகமும் பாட்டியின் நோட்டும் ருசிக்கு நல்ல வழிகாட்டிகள், ஆனால் உணவைப் பாதுகாப்பதில் அவற்றை அப்படியே பின்பற்றக் கூடாது.

புளிப்பில்லாத காய்கறிகளை பாட்டிலில் அடைத்து, கொதிக்கும் தண்ணீரில் வைத்து எடுத்தால் மாதக்கணக்கில் நிற்கும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் சாவதில்லை. அழுத்தத்தில் 121 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். காற்றில்லாத, புளிப்பில்லாத இடம் அதற்கு மிகவும் ஏற்றது. அது உண்டாக்கும் நஞ்சு உயிரையே பறிக்கக்கூடியது, ருசியிலோ மணத்திலோ தெரிய வேண்டும் என்பதில்லை. எண்ணெயில் பச்சைப் பூண்டை ஊறப்போட்டுச் சமையல் மேடையிலேயே வைப்பதும் இதே ஆபத்துதான். செய்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சிவப்பு ராஜ்மாவைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பானையில் நேரடியாகப் போடாதீர்கள். அதில் இயற்கையாகவே இருக்கும் நஞ்சு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிட்டபின் வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம். சோறு மிஞ்சினால் அதை அறைச் சூட்டில் இரவு முழுக்க வைத்துவிட்டுச் சூடாக்கிச் சாப்பிடுவதும் வேண்டாம். சூடாக்கினாலும் அழியாத நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளரக்கூடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும்.

புத்தகத்தைக் காக்கிறேன் என்று கெடுப்பது

என் அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது. ஒரு பக்கத்தில் எண்ணெய் பட்டுத் தாள் கண்ணாடியாகியிருக்கிறது, விளிம்பில் அம்மாவின் பென்சில் எழுத்து: "உப்பு குறை. மழை நாள்ல மாவு இளகுது." அந்தப் பக்கத்தின் கிழிசலை நான் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். சில வருடங்களில் டேப் மஞ்சளாகி, பசை கசிந்து, "மழை" என்ற சொல்லின் மேல் பழுப்புப் பட்டையாகப் படிந்துவிட்டது. இப்போது எடுக்கவும் முடியவில்லை. நூல்களைப் பழுதுபார்க்கிறவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுச்சத்துப் பசையையும் பயன்படுத்துகிறார்கள், தேவைப்பட்டால் தண்ணீர் வைத்துக் கழற்றிவிடலாம் என்பதால். இது தெரியாதவரை கிழிசலைத் தொடாமல் ஓர் உறைக்குள் வைத்திருந்தாலே போதும்.

லேமினேஷன் இன்னும் மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்கவே முடியாது. பாலிப்ரொப்பிலீன் உறையில் நுழைத்து வைத்தால் வேண்டும்போது எடுக்கலாம், மலிவான பிவிசி உறை வேண்டாம். செய்தித்தாளில் வெட்டிய குறிப்பைப் புத்தகத்துக்குள் சொருகாதீர்கள், அந்தத் தாளின் அமிலம் எதிர்ப் பக்கத்தைப் பழுப்பாக்கும். துருப்பிடிக்கும் கிளிப், அடுப்புக்கு மேல் இருக்கும் தட்டு, வெயில் விழும் ஜன்னல் ஓரம் எல்லாமே எதிரிகள்.

ஒவ்வொரு பக்கத்தையும் கறையோடும் விளிம்புக் குறிப்போடும் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். குறிப்பை மட்டும் டைப் செய்து வைத்தால் "உப்பு குறை" போய்விடும். நீங்களும் எழுதுங்கள், பென்சிலில், தேதியோடு.

தோழிகளுக்குள்

சமைத்துக்கொண்டே போனில் பேசுவது எனக்கும் பிடிக்கும். எண்ணெய் காயும்போது மட்டும் அடுப்பை விட்டு நகராதீர்கள். தப்பித்தவறி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

தோழி தந்த குறிப்பில் செய்தது சரியாக வரவில்லை என்றால் சொல்லுங்கள். மனம் நோகுமே என்று "பிரமாதம்" என்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால், அவளுக்கும் தன் குறிப்பில் விட்டுப்போனது தெரியாது, அடுத்தவருக்கும் அதே குறை போகும். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே "எங்கள் வீட்டில் இப்படிச் செய்யமாட்டோம்" என்று தொடங்குவது வேறு. அது குறிப்பைப் பற்றிப் பேசுவது ஆகாது, அவள் கையைத் தட்டிவிடுவது.

கேக் விஷயத்தில் நான் அவளிடம் அமுங்கிப்போனதைச் சொன்னதால்தான் "வந்து பாரேன்" என்றாள். அன்றே என் நோட்டில் எழுதினேன்: அவள் கப் 310 மில்லி. போன மாதம் ஒரு காலையில் போன் வந்தது. குவளை தொட்டியில் விழுந்து உடைந்துவிட்டதாம். "அன்னைக்கு என் கப்பை அளந்தியே, எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள். நோட்டை எடுக்க எழுந்தேன்.