டெக்சாஸ் எஸ்பி 12 மாதிரி சட்டத்துக்கு எவ்ளோ செலவுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

2023ல டெக்சாஸ்ல எஸ்பி 12 (செனட் மசோதா 12, பொது இடத்துலயோ சின்ன பசங்க முன்னாடியோ பாலியல் தன்மையுள்ள ஆட்டத்தை தடுக்கிற சட்டம்) வந்தப்போ சண்டை முழுக்க ட்ராக் ஷோ, அதாவது ஆண் பெண் வேஷம் மாத்தி போட்டு ஆடுற நிகழ்ச்சி பத்திதான், இதுக்கு யார் பணம் போகும்னு கேட்டவங்க ரொம்ப கம்மி. அதை நீங்களே பாக்கலாம், சட்டமன்றத்தோட பட்ஜெட் அமைப்பான லெஜிஸ்லேட்டிவ் பட்ஜெட் போர்டு எழுதுற ஃபிஸ்கல் நோட் (மசோதாவால வர்ற செலவு, வரவு பத்தின மதிப்பீடு) மசோதாவோடயே சட்டமன்ற சைட்ல கிடைக்கும், சின்ன டாக்குமென்ட்தான்.

மொதல்ல அது எந்த வெர்ஷனுக்கான நோட்னு பாருங்க. செனட்ல பாஸான வடிவத்துல ஆண் பெண்ணாவும் பெண் ஆணாவும் வேஷம் போட்டு ஆடுறது பத்தி நேரடியாவே இருந்துச்சு, கடைசி வடிவத்துல அந்த வரி போயி வேற வார்த்தை வந்துச்சு, அதனால பழைய நோட்டை வச்சு புது சட்டத்தை பேசாதீங்க.

"மாநிலத்துக்கு குறிப்பிடத்தக்க செலவு இல்ல"ங்கிற வரி இந்த மாதிரி மசோதாக்கள்ல அடிக்கடி வரும். அதைப் படிச்சிட்டு மூடி வச்சிடாதீங்க ப்ளீஸ், செலவே இல்லன்னு அது சொல்லல, இருக்கிற ஆளுங்களையும் பட்ஜெட்டையும் வச்சே சமாளிச்சுக்கலாம்னு கணக்கு போட்டிருக்காங்க, அவ்ளோதான்.

நேரா உள்ளாட்சி பத்தின பகுதிக்கு போங்க, விஷயமே அங்கதான் இருக்கு. எஸ்பி 12ல ஆடுறவங்க மேல வர்றது கிளாஸ் ஏ மிஸ்டிமீனர்ங்கிற சிறு குற்ற வகை, அதாவது 1 வருஷம் வரை ஜெயில், 4,000 டாலர் வரை அபராதம். அந்த ஜெயில் மாநில ஜெயில் இல்ல, கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஜெயில். சாப்பாடு, காவல், மருத்துவம் எல்லாம் கவுண்டி தலையில, வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு கோர்ட் நியமிக்கிற வக்கீலுக்கும் பெரும்பாலும் கவுண்டிதான் காசு கொடுக்குது. மாநில கணக்குல இது எதுவும் தெரியாது.

வரவு பக்கம், இடம் கொடுத்த பிசினஸ் மேல ஒரு மீறலுக்கு 10,000 டாலர் வரை சிவில் பெனால்டி, மாநிலத்தோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் கேஸ் போட்டு வாங்கணும். எத்தனை கேஸ் வரும்னே தெரியாம இதை பெருக்கி கோடிக்கணக்குல காட்டுறவங்களை நம்பாதீங்க. ஸ்ட்ரிப் கிளப்ல ஆளுக்கு 5 டாலர்னு 2007ல கொண்டு வந்த கட்டணம் தனி சட்டம், அதை இதுல கலக்காதீங்க.

கடைசியா கேஸ் செலவு, நோட்ல இதை தேடினா கிடைக்காது, கோர்ட் ரெக்கார்டுலதான் தேடணும். 2023 செப்டம்பர்ல ஃபெடரல் ஜட்ஜ் டேவிட் ஹிட்னர் எஸ்பி 12 அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொன்னார், மாநிலம் அப்பீல் போச்சு, 2025ல அப்பீல் கோர்ட் அந்த தடையை நீக்கிடுச்சு. சிவில் உரிமை கேஸ்ல ஜெயிச்சவங்களோட வக்கீல் ஃபீஸையும் மாநிலமே கட்டணும்னு கோர்ட் உத்தரவு போடலாம். ஆனா டென்னசில இதே மாதிரி சட்டத்தை 2023 ஜூன்ல ஜட்ஜ் ரத்து பண்ணியும் 2024 ஜூலைல அப்பீல் கோர்ட் அந்த தீர்ப்பை மாத்திடுச்சு, அதனால கேஸ் முழுசா முடியுற வரைக்கும் உங்க கணக்குல வக்கீல் ஃபீஸ் கட்டத்தை காலியா விடுங்க, பூஜ்யம்னு போடாதீங்க.