சானி கணவாய்க்கு ஜூலையில் ஜோடியாகப் போகிறீர்களா?

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள், ஒன்றல்ல, இரண்டு பேருடையதும். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற மலைப் பயணம்தானே என்று நினைப்போம், ஆனால் மேலே சுமார் 2,870 மீட்டர் உயரத்தில் நீங்கள் நிற்கிற இடம் லெசோத்தோ, வேறு நாடு.

விடியற்காலை 4 மணிக்கே கிளம்புங்கள். மலையடிவார ஊரான அண்டர்பர்க் போகவே கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆகும், பெட்ரோலை அங்கேயே நிரப்பிவிடுங்கள். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டி சாதாரணக் கார் ஏற விடமாட்டார்கள், நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர்தான் வேண்டும். இல்லையென்றால் அண்டர்பர்க்கிலிருந்தே கூட்டிப்போகிற வண்டிகள் இருக்கின்றன. எங்களுக்கு அதுதான் நல்லதாகப் போயிற்று, இவர் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜூலை அங்கே குளிர்காலம்; வெயில் படாத வளைவுகளில் தண்ணீர் உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும், அதற்குப் பழகிய ஓட்டுநரே நல்லது. பனி அதிகமானால் பாதையை மூடிவிடுவார்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ. கல்யாணமாகி 20 வருஷம் கழித்து, கம்பளி போர்த்திய ஆட்டிடையர் ஒருவர் குதிரையில் போவதைப் பார்த்தபடி, ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தோம். ஆவியில் இவர் மூக்குக்கண்ணாடி மங்கிப்போக, என் சால்வை முனையால் துடைத்துவிட்டேன்.

மதியம் 2 மணிக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். குளிர்காலத்தில் 5 மணி தாண்டியதுமே இருட்டிவிடும்.