எக்ஸ்ரே செலவு: வேலூரில் நாம் செய்யும் தவறுகள்

வேலூரில் வைத்தியம் பார்க்கும் இடத்துக்குக் குறைவே இல்லை. ஊர் நடுவில் சி.எம்.சி., அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பழைய ஊருக்குள் பெண்ட்லேண்ட் அரசு மருத்துவமனை, இவற்றைச் சுற்றித் தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர்கள். இத்தனை இருந்தும் குடியாத்தத்திலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் ஒரே முழங்காலுக்கு இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்துப் பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள். தனியாரில் ஒரு சாதாரண எக்ஸ்ரேவுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது ஒரு நாள் சம்பளம். அதை இரண்டாவது முறை கட்டவைக்கும் காரணங்களில் பாதியை நாமே தடுத்துவிட முடியும்.

முதல் தவறு, "எக்ஸ்ரே எவ்வளவு?" என்று மட்டும் கேட்பது. எக்ஸ்ரேவுக்குக் கட்டணம் பெரும்பாலும் வியூ கணக்கில்தான், அதாவது ஒரு கோணத்தில் எடுக்கும் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று. நெஞ்சுக்கு வழக்கமாக ஒரே படம் போதும். அதைத்தான் சீட்டில் பி.ஏ. வியூ என்று எழுதுவார்கள். எலும்பு என்றால் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு வேண்டும், ஏனென்றால் நேர்ப் படத்தில் தெரியாத விரிசல் பக்கவாட்டில் தெரியும். இரண்டு முழங்காலுக்கும் எழுதிக் கொடுத்தால் கணக்கு நான்காகிவிடும். போனில் ஒரு வியூவின் விலையைக் கேட்டுக்கொண்டு வந்து கவுண்டரில் நான்கு மடங்கு பில்லைப் பார்த்துத் திகைப்பது இப்படித்தான். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி, "எத்தனை வியூ, ஃபிலிமும் ரிப்போர்ட்டும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். சில இடங்களில் ஃபிலிமுக்குத் தனி, ரேடியாலஜி டாக்டரின் ரிப்போர்ட்டுக்குத் தனி. ராத்திரி நேரத்துக்கும், படுக்கைக்கே மெஷினைக் கொண்டுவந்து எடுப்பதற்கும் கட்டணம் கூடலாம்.

அடுத்தது, டாக்டரைப் பார்க்கும் முன்பே நாமாகப் போய் எடுத்துக்கொள்வது. "எப்படியும் எக்ஸ்ரே கேட்பார், எடுத்துட்டே போயிடலாம்" என்ற நினைப்பு. மூட்டுத் தேய்மானத்தில் இது அனேகமாக வீண் செலவுதான். நிற்கும்போது உடம்பின் எடை மூட்டில் இறங்கி, இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரியும். படுத்து எடுத்த படத்தில் அது சரியாகத் தெரியாது. டாக்டர் நின்றபடி எடுத்துவரச் சொல்வார், மறுபடி பணம். டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் வலதா இடதா, நின்றா படுத்தா என்று சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இடுப்புவலிக்கு இன்னொரு விஷயம். பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட சாதாரண வலிக்கு முதல் ஆறு வாரத்தில் எக்ஸ்ரே தேவையில்லை என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கீழே விழுந்தது, காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, காலில் பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் கதை வேறு. அப்போது தாமதிக்கவே கூடாது. நெஞ்சு எக்ஸ்ரேவில் படும் கதிர்வீச்சு மிகக் கொஞ்சம், சுமார் 0.1 மில்லிசீவர்ட், பத்து நாளில் இயற்கையாகவே நம்மேல் படுகிற அளவு. இடுப்பு எக்ஸ்ரேவில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். பயப்பட வேண்டிய அளவில்லை, ஆனால் தேவையில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய படத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஆறு மாதத்துக்கு முன் எடுத்ததும் இன்று எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நுரையீரலில் இருக்கும் நிழல் பழைய தழும்பா, புதிதாக வந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியும். பழையது இல்லாதபோது சி.டி. ஸ்கேன் வரை போக நேரிடுகிறது. அங்கே செலவு ஆயிரங்களில். பத்திரப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். இன்றைய ஃபிலிம்களில் பெரும்பாலானவை சூட்டால் படம் பதியும் வகை. வேலூர் வெயிலில் காருக்குள்ளோ ஜன்னல் ஓரத்திலோ கிடந்தால் கருத்துப்போகும். பாதுகாப்புக்கு என்று லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், அந்தச் சூட்டில் படமே போய்விடும். கவரோடு, மடிக்காமல், பீரோவுக்குள் வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவை வைத்து மெல்லிய விரிசலைக் கண்டுபிடிக்க முடியாது. எடுத்த இடத்திலேயே டிஸ்க்கில் பதிந்தோ லிங்க்காகவோ அசல் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டாவது எக்ஸ்ரே எல்லாமே பணம் பிடுங்குவது என்று எண்ணுவதும் தவறு. மணிக்கட்டில் பெருவிரல் பக்கத்துச் சின்ன எலும்பு உடைந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். மாவுக்கட்டு போட்ட பிறகு எலும்பு நேராக நிற்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். நம் பக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு புத்தூர் கட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. கட்டிய பிறகு மறுபடி ஒரு படம் எடுக்காமல் விடுவது கை கோணலாகச் சேர்ந்துவிட்டதைத் தாமதமாகத் தெரிந்துகொள்வதில் முடியலாம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எடுக்கும்போது தாலிக்கயிற்று ஊக்கு, செயின், இடுப்பில் கட்டிய தாயத்து, தோளில் விழும் சடை இவையெல்லாம் படத்தில் விழுந்து கெடுக்கும். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், படம் விழும் இடத்திலிருந்து விலக்கிப் பிடிக்க டெக்னீஷியன் வழி சொல்வார்.

காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கும் வெளியூர்க்காரர்களும், நம் கிராமங்களிலிருந்து முதல்முறை வருகிறவர்களும், "நல்ல சென்டர், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று தானாக வந்து நிற்கிறவர் பின்னால் போய்விடாதீர்கள். அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளே தடை செய்கின்றன. இந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அது இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

அரசு மருத்துவமனையை நினைத்தே பார்க்காமல் தனியாருக்கு ஓடுகிறவர்களும் உண்டு. கூட்டம் இருக்கும், ஒரு காலை நேரம் போகும், உண்மைதான். ஆனால் அவசரமில்லாத எக்ஸ்ரேவுக்கு அங்கே செலவு பேருக்குத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் அரசில் இலவசம். பீடி சுற்றும் வீடுகளுக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் முதலில் அந்த மருந்தகத்துக்குப் போங்கள்.

கடைசியாக ரசீது. வெள்ளைத்தாளில் எழுதித் தருவதை வாங்காதீர்கள். நோய் கண்டறியும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பில்லில் அது சேர்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். வெறும் எக்ஸ்ரேவுக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. ஆனால் அதன் தொடர்ச்சியாக ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய 30 நாள் பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் ஏற்கின்றன. அதற்கு டாக்டர் சீட்டு, ரசீது, ரிப்போர்ட் மூன்றும் வேண்டும், மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.