வயிற்று நீரில் கிருமி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் சிரோசிஸ் நோய் முற்றியவர்களுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். குடலில் ஓட்டை எதுவும் விழாமலேயே அங்கிருந்து கிருமிகள் கிளம்பிவந்து அந்த நீரில் தொற்றை உண்டாக்கலாம். காய்ச்சல், வலி இல்லாமலும் இது வரும். ஆகவே நீர் கோத்த நிலையில் மருத்துவமனையில் சேருகிறவர் எவருக்கும் உடனே ஊசிபோட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையும் நேரம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லித் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

தொற்று இருந்தாலும் இந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு. பல நேரம் ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டு பாக்டீரியாதான். சாதாரணக் குழாயில் லேபுக்கு அனுப்பித் தட்டில் வளர்த்தால் தொற்றுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் எதுவும் வளரும். படுக்கையருகிலேயே, ரத்தக் கல்ச்சர் பாட்டில்களில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பாட்டில்கள்) தலா 10 மில்லி செலுத்தினால் அந்தப் பங்கு 80 சதவீதம் வரை எட்டும். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும்போது குழாயை நம்புவதற்கு நியாயமே இல்லை. அதோடு, ஆன்டிபயாட்டிக் ஒரு டோஸ் போனாலே கிருமி வளராமல் போகக்கூடும். முதலில் நீர், அப்புறம் மருந்து.

சரி, கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருக்கலாமா? கூடாது. ஒரு கன மில்லிமீட்டர் நீரில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்பதற்காக அதை நிறுத்தவும் கூடாது. நீரில் ரத்தம் கலந்திருந்தால், 250 சிவப்பணுக்களுக்கு ஒன்று வீதம் நியூட்ரோபில் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஈ. கோலை, கிளெப்சியெல்லா மாதிரி ஒரே வகைக் கிருமி வளர்வதுதான் வழக்கம். நியூட்ரோபிலும் கூடி, பல வகைக் கிருமிகளும் சேர்ந்து வளர்ந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். அப்போது ஆன்டிபயாட்டிக் மட்டும் காப்பாற்றாது.

ஆராய்ச்சிக்காக டிஎன்ஏ வரிசையைப் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிருமி இவ்வளவு குறைவான மாதிரியில், டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலும் தண்ணீரிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா டிஎன்ஏவே முடிவை நிரப்பிவிடும். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸும் ஊசியோடு உள்ளே வரலாம். நோயாளியின் நீர் சேராத வெற்று மாதிரிகளையும் முதல் படியிலிருந்து கடைசிவரை கூடவே ஓட்டாத ஆய்வின் பாக்டீரியாப் பட்டியலை நம்புவதற்கில்லை. செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதே பட்டியலில்தான் வரும் என்பதால், பெயர் வந்ததை வைத்து மட்டும் தொற்று என்று எழுதிவிடக் கூடாது; அதே நீரின் நியூட்ரோபில் எண்ணிக்கையையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.