பனிமலை ஸ்கீ வீடியோவை ஒரே மாதிரி வராமல் எடிட் செய்வது எப்படி?

சுவிஸிலோ நோர்வேயிலோ கனடாவிலோ இருக்கும் ஒரு பொடியன் ஹார்ட் டிஸ்க் நிறைய ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குக் கிளிப்களை அனுப்பி, "அண்ணா, நாலு நிமிஷத்துக்கு ஒண்டு வெட்டித் தாங்கோ" என்று கேட்டால், கை தானாகவே ஒரு வாய்பாட்டைத் தேடிப் போகும். விடியற்காலையில் ட்ரோன் மலைவிளிம்பைத் தாண்டி எழும்பும். பூட்ஸ் பூட்டப்படும். வோக்கி டோக்கியில் எண்ணிக்கை கேட்கும். பாட்டு வெடிக்கும் இடத்தில் முதல் திருப்பம், ஸ்லோமோஷனில் பனித்தூள். பாறையிலிருந்து ஒரு பாய்ச்சல், அதுவும் இரண்டு கோணத்தில். கடைசியில் கீழே நின்று கட்டிப்பிடிப்பு. அடுத்த மலைக்கும் இதே, அதற்கடுத்ததற்கும் இதே.

பெரிய மலை ஸ்கீ வீடியோக்கள் அலுத்துவிட்டன என்பவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. தாலி கட்டும் நேரத்தை மூன்று கமெராவில் ஸ்லோமோஷனில் போட்டுப் போட்டு நாங்கள் எல்லாக் கலியாணங்களையும் ஒரே கலியாணமாக்கிய கதைதான் அங்கும் நடந்திருக்கிறது.

இதில் ஒரு பகுதிக்கு எடிட்டர் பொறுப்பில்லை. அலாஸ்காவின் சூகாச் மலைகளுக்கு எல்லோரும் போவதற்குக் காரணம் உண்டு: கடலோர ஈரப்பனி, மற்ற இடங்களில் பனி தங்காத செங்குத்துச் சரிவுகளிலும் ஒட்டிக்கொள்ளும். வானம் எப்போதும் நீலமாக இருப்பதும் சோம்பேறித்தனத்தால் அல்ல. முகில் மூடினால் வெள்ளையில் மேடு பள்ளம் தெரியாது, சறுக்குபவருக்கும் ஹெலிகொப்டர் விமானிக்கும் அது ஆபத்து. எதிர் மலையில் தொலைவில்லையோடு (டெலிபோட்டோ லென்ஸ்) கமெராமேன் நிற்பதும் சரிவு முழுவதும் அங்கிருந்துதான் தெரியும் என்பதால். இடம், வெளிச்சம், கோணம் மூன்றும் கையை விட்டுப் போனவை. எதை வைத்திருப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது, என்ன சத்தத்தோடு வைத்திருப்பது என்பவை மட்டும்தான் எங்கள் மேசைக்கு வருகின்றன. ஒரு மலையை இன்னொரு மலையிலிருந்து பிரித்துக் காட்டும் துண்டுகள் பெரும்பாலும் முதல் வெட்டிலேயே குப்பைக்குப் போய்விடுகின்றன. வேலை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியவை

வட்ஸ்அப்பில் வந்த கிளிப்பை ஏற்காதீர்கள். அதில் பனியின் நுண்மை முழுவதும் நசுங்கி, சரிவு வெள்ளைப் பூச்சாகிவிடும். கமெராவிலிருந்து நேராக எடுத்த மூலப் பைல் வேண்டும். ஹெல்மட் கமெராவின் பதிவை வெட்டாமல் முழுதாக அனுப்பச் சொல்லுங்கள். "நல்ல இடத்தை மட்டும் அனுப்பியிருக்கிறேன்" என்றால் உங்களுக்குத் தேவையான இடம் அதில் இல்லை என்று அர்த்தம். வோக்கி டோக்கிப் பேச்சு பதிவாகியிருந்தால் அதையும் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்குவதற்கு முன் கீழிருந்தோ எதிரிலிருந்தோ எடுத்த மலைமுகத்தின் ஒரு நிழற்படம். சறுக்குபவர்கள் பாதை மனப்பாடம் செய்ய இதைத் தொலைபேசியில் எடுத்து வைத்திருப்பார்கள், ஆனால் யாரும் எடிட்டருக்கு அனுப்ப நினைப்பதில்லை.

வேகமும் உயரமும் திரையில் வேண்டும் என்று கேட்டால் எந்தக் கமெரா என்று விசாரியுங்கள். கோப்ரோ ஹீரோ 12 மாடலில் ஜிபிஎஸ் கிடையாது. 13 இல் திரும்ப வந்தது.

இறுக்கிச் சுருக்கப்பட்ட 10 பிட் எச்.265 பைல்கள் சாதாரண மடிக்கணினியில் இழுத்து இழுத்து ஓடும். 1080 அளவில் புரோரெஸ் புரொக்ஸி (வெட்டுவதற்கு மட்டுமான இலகு நகல்) செய்துகொண்டு வெட்டுங்கள். 24 பிரேமில் ஒரு மணித்தியாலக் காட்சிக்கு ஏறத்தாழ 16 ஜிபி பிடிக்கும்.

லைனை வாசிப்பது

சறுக்குபவர் உச்சியிலிருந்து அடிவாரம் வரை தெரிந்தெடுத்த பாதைக்குப் பெயர் லைன். சீர்செய்யாத மலைச்சரிவில் இறங்கும் ஃப்ரீரைட் வேர்ல்ட் டூர் போட்டியில் நடுவர்கள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: லைன், கட்டுப்பாடு, தடையற்ற ஓட்டம், பாய்ச்சலும் ஸ்டைலும், நுட்பம். வழக்கமான எடிட்டில் பாய்ச்சல் மட்டும்தான் மிஞ்சுகிறது, மற்ற நான்கும் வெட்டுப்படுகின்றன.

எனவே கத்திரியைத் தொடுமுன் ஹெல்மட் காட்சியையும் தொலைவில்லைக் காட்சியையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, ஒரே ஓட்டமாகப் பாருங்கள். உள்ளே நுழையும் இடம், விழுந்தால் பிழைக்க முடியாத இடம், தயங்கிய இடம், வெளியேறிய இடம் என்று நான்கு நிறத்தில் குறியிடுங்கள்.

தயங்கிய இடத்தில் கவனம் தேவை. செங்குத்துச் சரிவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மேற்பரப்பின் தளர்ந்த பனி சரிந்து, சறுக்குபவரோடு சேர்ந்தே கீழே ஓடும். ஸ்லஃப் என்பார்கள். அது அவரை முந்தினால் காலை வாரிவிடும். அனுபவசாலி என்ன செய்வார்? பள்ளத்திலிருந்து குறுக்காக வெட்டி, பக்கத்தில் வரம்பு போல நீண்டிருக்கும் ஸ்பைன் மேல் ஏறி, ஒன்றிரண்டு விநாடி வேகத்தைக் குறைப்பார். ஸ்லஃப் பள்ளத்தால் கடந்து போகும். பிறகு அவர் மீண்டும் இறங்குவார். விஷயம் தெரியாத எடிட்டருக்கு இது "டல்லான இரண்டு விநாடி". வெட்டிவிட்டு இரண்டு திருப்பங்களையும் ஒட்டிவிடுவார். அதோடு அந்த மலையில் அவர் எடுத்த ஒரே முடிவு காணாமல் போகும், மிஞ்சுவது எல்லா வீடியோவிலும் உள்ள பனித்தூள்தான். இந்த இடத்தைத் தொலைவில்லைக் காட்சியில், வெட்டில்லாமல், ஸ்லஃப் கடந்து முடியும்வரை வையுங்கள்.

மலைமுகப் படத்தை வைப்பது

இறங்குமுன் அந்த நிழற்படத்தை 4 அல்லது 5 விநாடி அசையாமல் காட்டுங்கள். மெல்லிய ஒரு கோட்டால் பாதையை வரைந்து, இரண்டு இடங்களை மட்டும் குறியுங்கள்: நுழைவாயும் ஆபத்தான இடமும். போதும். அம்புக்குறி, பெயர்ப்பலகை, பறக்கும் எழுத்து எதுவும் வேண்டாம். ஃப்ரீரைட் போட்டியாளர்கள் அந்தச் சரிவில் ஒத்திகை இறக்கம் செய்ய முடியாது, தொலைநோக்கியால் பார்த்தே பாதையை மனதில் பதிக்கிறார்கள். பார்வையாளருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்தால், பிறகு வரும் ஒவ்வொரு திருப்பத்திலும் "எங்கே நிற்கிறார்" என்று அவரே தேடுவார்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, இடம் வலம் மாறுவது. கீழிருந்து எடுத்த படத்தில் இடப்பக்கம் தெரியும் பாறை, மேலிருந்து இறங்குபவருக்கு வலப்பக்கம். படத்திலிருந்து நேரே ஹெல்மட் காட்சிக்கு வெட்டினால் பார்ப்பவருக்குத் திசை குழம்பும், குழம்பியவுடன் பாதையைப் பின்தொடர்வதை விட்டுவிடுவார். நடுவே ட்ரோன் பின்னாலிருந்து எடுத்த ஷொட் ஒன்றை இரண்டு விநாடி வையுங்கள். அது இல்லையென்றால், இரண்டு கோணத்திலும் அடையாளம் தெரியும் ஒரே பாறையில் வெட்டுங்கள். அழகுக்காகக் கிளிப்பைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடும் பழக்கம் இந்த வேலையில் அறவே கூடாது.

வேகமும் சரிவும்

ஸ்லோமோஷனுக்கு ஒரு வீடியோவில் ஒரே இடம். நிஜ வேகத்தில் கண் தவறவிட்ட ஒன்று இருந்தால் மட்டும், அதுவும் நிஜ வேகத்தில் ஒருமுறை காட்டிய பிறகு. விநாடிக்கு 23.976 பிரேம் ஓடும் டைம்லைனில் 59.94 பிரேம் கிளிப்பை 40 சதவீதத்துக்கும், 119.88 பிரேம் கிளிப்பை 20 சதவீதத்துக்கும் குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் மென்பொருள் இடைப் பிரேம்களைத் தானே உருவாக்கும். பனித்தூளில் அது சரிவராது: ஆயிரம் துகள்கள் ஆயிரம் திசையில் போவதால் படம் ஜெலிபோல நெளியும்.

நிஜ வேகக் காட்சி வெட்டி வெட்டி ஓடுவதுபோலத் தெரிந்தால், வெயிலில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் மிக உயர்ந்த ஷட்டர் வேகத்தில் எடுத்திருக்கிறார்கள். மோஷன் பிளர் கொஞ்சம் சேர்க்கலாம், முழுதாகச் சரிப்படுத்த முடியாது. அடுத்தமுறை 24 பிரேமுக்கு 1/50 அளவில் எடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

அகன்ற வில்லை சரிவைத் தட்டையாக்கும். 45 பாகை மலைகூட ஹெல்மட் கமெராவில் மொட்டைமாடிபோலத் தெரியும். இதைச் சரிக்கட்ட, மலைப்பக்கக் கை பனியை உரசும் பிரேம்களைத் தேடுங்கள். கை நீட்டாமலே சுவர் தொடுபடுகிறது என்றால் சரிவு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டெபிலைசரையும் முழுதாக ஏற்றாதீர்கள். அதிர்வு போனால் வேகமும் போய்விடும்.

"60 பாகை" என்று எழுத்துப் போடச் சொல்லிக் கேட்பார்கள். அளந்ததா என்று கேளுங்கள். சுவிஸ் மலையென்றால் அந்நாட்டு அரசின் வரைபட அலுவலகமான சுவிஸ்டோப்போவின் இணைய வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, இலவசமாகப் பார்க்கலாம். பனி அடுக்கு பலகைபோல ஒன்றாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள்தான் நடப்பதால், இது வெறும் அலங்கார எண் அல்ல. பார்த்துவிட்டு அங்கே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சத்தம்

ஒரே ஒரு மாற்றம் செய்ய மட்டும் நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்: இறக்கத்தின் நடுவில் பாட்டை நிறுத்துங்கள். இறுகிய பனியில் ஸ்கீயின் விளிம்பு கிறீச்சிடும், புதுப்பனியில் அநேகமாகச் சத்தமே இருக்காது. இந்த மாற்றம் மலைக்கு மலை, திருப்பத்துக்குத் திருப்பம் வேறுபடும். எல்லா வீடியோவுக்கும் ஒரே வகைப் பாட்டைப் போர்த்தும்போது மூடப்படுவது இதுதான். மூச்சிரைப்பை அழிக்காதீர்கள். காற்றிரைச்சலுக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தத் துண்டின் ஒலியை விட்டு, அதே இறக்கத்தின் வேறு நல்ல துண்டை எடுத்து விரியுங்கள்.

நடக்கும் காட்சிக்குப் பூட்ஸ் சத்தம் பதிவாகவில்லையென்றால் கொழும்பிலேயே செய்யலாம். கோன் ஃப்ளவரைச் சிறு துணிப்பையில் இறுகக் கட்டி, மைக்குக்கு அருகில் அழுத்துங்கள். பனி நெரியும் சத்தம் அச்சாக வரும். காலி வீதிப் பக்கம் வீடென்றால் நள்ளிரவுக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். யூடியூபுக்கு மொத்த ஒலியளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அளவில், உச்சம் மைனஸ் 1 டெசிபெலுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைக் கோரிக்கை வந்து சேரும்.

நிறம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் படும் பனியை வேவ்ஃபோர்மில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபு) 85 முதல் 92 வரை நிறுத்துங்கள், 100 ஐத் தொட்டால் தடங்கள் மறையும். நிழல் பனி நீலமாகத்தான் இருக்கும், அதை அழிக்காதீர்கள். கலியாண வேலைக்கு வைத்திருக்கும் பொன்னிற லட்டை (முன்கூட்டியே செய்த நிற அமைப்பு) இதில் போட்டால் பனி மஞ்சளாகிப் பழைய சுண்ணாம்புச் சுவராகும்.

எதை நீக்குவது

முதல் வெட்டு முடிந்ததும் ஒரு சோதனை. இரண்டு இறக்கங்களை இடம் மாற்றிப் போட்டு, விஷயம் தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். மாற்றம் அவருக்குப் படவில்லையென்றால் அவற்றில் ஒன்று தேவையில்லை. கூட்டி அள்ளிய ஐந்து மலைகளைவிட முழுதாகக் காட்டிய இரண்டு மலைகள் நிற்கும். பாதியில் திரும்பி வந்த நாள் ஒன்று இருந்தால் அதை உள்ளே கொண்டுவாருங்கள். பனியைத் தோண்டி அதன் அடுக்குகளைப் பார்த்து, தலையசைத்து, வந்த வழியே இறங்கும் ஒரு நிமிடம், பாய்ச்சலைவிட அபூர்வமாகத்தான் திரைக்கு வருகிறது. பனிச்சரிவில் யாராவது அகப்பட்ட காட்சி இருந்தால் அதில் உள்ள எல்லோரிடமும் அனுமதி வந்த பிறகே தொடுங்கள், பாட்டுப் போடாதீர்கள்.

பார்வைக்கு அனுப்பும் பிரதியில் டைம்கோட்டை (ஓடும் நேர எண்) படத்தின் மேலேயே பதித்து அனுப்புங்கள், இல்லையென்றால் "அந்தத் திருப்பத்துக்குப் பிறகு வரும் திருப்பம்" என்று பதில் வரும். குளிர்காலத்தில் சுவிஸ் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், வன்கூவர் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பின்னால். அங்கே மலையால் இறங்கி மாலை ஆறு மணிக்கு அவர்கள் போனை எடுக்கும்போது இங்கே சுவிஸ் வேலைக்கு இரவு பத்தரை, வன்கூவர் வேலைக்கு அடுத்தநாள் காலை. விலை பேசும்போதே அதையும் கணக்கில் எடுங்கள்.